பம்பு அறையில் உப்பு இல்லை

நீர் வாரியத்தின் தண்ணீரில் மின்சாரம் பாயாது. மின்சாரம் பாயாத தண்ணீரில் நின்றுகொண்டு யாரும் ஷாக் அடித்துச் சாக முடியாது. ஆகவே தையல்காரியின் வீட்டுக்காரர் சாகவில்லை. வாரியம் இந்த முடிவை மிகுந்த அனுதாபத்தோடு அவளுக்குத் தெரிவித்தபோது, அவரைப் புதைத்த இடத்தில் மண்ணின் ஈரம்கூடக் காயவில்லை.

அவர் வாரியத்தில் மோட்டார்காரர். பம்பு அறை பாதி தரைக்குக் கீழே இருந்தது. படி இறங்கித்தான் போக வேண்டும். பம்பின் இடுக்கில் எப்போதும் தண்ணீர் கசியும். தரையில் கணுக்கால் அளவு நிற்கும். சுவரோரமாக வந்த மின்கம்பியில் உறை கிழிந்து, அதன்மேல் சுற்றிய கறுப்பு டேப்பும் பிசுபிசுத்துத் தொங்கியது. கம்பியை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ரப்பர் பூட்ஸாவது கொடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வாரியம் யோசித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பம்பு அறை வாசலில் ஒரு பலகை வந்து தொங்கியது: 'உள்ளே இருப்பது சுத்தமான நீர். காலணியோடு இறங்காதீர்.' அவர் விதிகளுக்குப் பயந்த மனிதர். அன்றிலிருந்து செருப்பை மேல்படியில் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினார்.

ஒரு காலையில் மேல்நிலைத் தொட்டி நிரம்பித் தெருவில் வழிந்தது. மோட்டாரை யாரும் நிறுத்தவில்லை. அதே வாரியத்தில் வால்வு திறக்கும் வேலை பார்த்த தையல்காரியின் தம்பி என்னவோ ஏதோவென்று ஓடினான். மேல்படியில் செருப்பு இருந்தது. உள்ளே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "மாமா" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. இறங்கக் காலெடுத்தவனை எதுவோ தடுத்தது. திரும்பி, வெளிச்சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கினான். தூக்கம் கலையாதவர்போல அவர் தண்ணீரில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கம்பி அவர் தோளுக்குப் பக்கத்தில் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் "கரண்ட்தான்" என்றார். வாரியத்தில் அது செல்லவில்லை. அந்த டாக்டர் உடம்பைப் படித்தவர், தண்ணீரைப் படித்தவர் அல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு வாரியத்திலிருந்து போன் வந்தது.

"மோட்டார்காரர் இருக்காரா?"

தையல்காரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "இல்லைங்க."

"எங்க போயிருக்கார்?"

"அவர் செத்துட்டாருங்க."

"அது உங்க தரப்பு. நாங்க கேக்கறது, எப்ப வேலைக்கு வருவார்?"

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். மறுமுனையில் இருந்தவர் பொறுமைசாலி. பதிலுக்காகக் காத்திருந்தார். அந்த மௌனத்தில் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. அது அவர் பக்கமா தன் வீட்டுப் பக்கமா என்று அவளுக்குப் புரியவில்லை.

அன்றிலிருந்து அப்படித்தான். தையல் மெஷினை மிதிக்கும்போது அந்தச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு மோட்டார் ஓடுவதுபோல இருக்கும். காலை நிறுத்துவாள். அதுவும் நிற்கும், ஆனால் சற்றுத் தாமதித்து. ஈரக்கையால் குழாயைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று எதுவோ கடிக்கும். அது மின்சாரமா, மனசா என்று பிரித்தறிய முடியவில்லை.

தம்பி தினமும் சாயங்காலம் வந்து அலுவலகத்துச் செய்தி சொல்வான்.

"காலையில எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க இல்லக்கா, மாமா பேரையும் கூப்பிடறாங்க. கூப்பிட்டுட்டு வாசலைப் பாக்கறாங்க."

"நீங்கள்லாம் ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"மொதல்ல சிரிச்சோம். அப்புறம் நாங்களும் வாசலைப் பாக்க ஆரம்பிச்சுட்டோம்." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னிக்கு நானும் பாத்துட்டேன்க்கா" என்றான்.

வாரியத்தின் நீர்த்தர அதிகாரிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் படிகம். 'நம்ம தண்ணி படிகம் மாதிரி' என்பது அவர் வாயில் எந்நேரமும் இருக்கும். தையல்காரி அவரைப் பார்க்கப் போனாள். கண்ணாடிக் குடுவைகள் அடுக்கிய அறை. மேஜைமேல் வாரியத்தின் தண்ணீர் மூடிபோட்ட டம்ளரில் காட்சிக்கு இருந்தது. படிகம் தாகத்துக்குத் தன் பையிலிருந்த கடைத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

"உக்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் நல்ல ஊழியர். அவர் வந்தா நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம், சேத்துக்குவோம்."

"சார், நம்ம தண்ணி கரிக்குது. துணி துவைச்சா வெள்ளையாப் பூக்குது. டம்ளர் காஞ்சா வட்டமா கறை விழுது. உப்புத்தண்ணியில கரண்ட் போகும்னு எல்லாரும் சொல்றாங்க. அதுல உப்பு இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

படிகத்துக்கு முகம் மலர்ந்தது. யாராவது தன்னிடம் ரசாயனம் கேட்க மாட்டார்களா என்று பல வருஷமாகக் காத்திருந்தவர் அவர்.

"உப்புன்னா என்னன்னு நெனைக்கிறீங்க? சோடியமும் குளோரைடும் ஒண்ணை ஒண்ணு விடாமப் பிடிச்சுக்கிட்டு, வரிசை வரிசையா அடுக்கி வெச்ச மாதிரி நிக்கும். அதுக்குப் பேர்தான் உப்பு. அதைத் தண்ணியில போடறீங்க. தண்ணி சும்மா இருக்குமா? நாலாபக்கமும் சூழ்ந்துக்கும். ஓரத்துல இருந்து ஒவ்வொண்ணாப் பிச்சு எடுக்கும். சோடியம் ஒரு பக்கம் போயிடும், குளோரைடு ஒரு பக்கம் போயிடும். ஆளுக்கொரு மின்னூட்டம். அயனின்னு பேரு. ஒவ்வொரு அயனியைச் சுத்தியும் தண்ணி காவல் நிக்கும், மறுபடி ஒண்ணு சேர விடாது. இப்ப சொல்லுங்க, அங்க உப்பு எங்க இருக்கு?"

"காணாமப் போயிடுமா சார்?"

"காணாமப் போகாது. உள்ளேயேதான் இருக்கும். உப்பா இருக்காது, அவ்வளவுதான்."

தையல்காரி மூடிபோட்ட டம்ளரைப் பார்த்தாள். வேர்க்க விறுவிறுக்கப் பம்பு அறையில் வேலை பார்த்த மனிதர் அவள் வீட்டுக்காரர். எத்தனை நாள் வியர்வை அந்தத் தரையில் சொட்டியிருக்கும். விழுந்த அன்றைக்கு எவ்வளவு நேரம் அதில் கிடந்தாரோ. அவரிலிருந்தும் ஏதாவது அந்தத் தண்ணீரோடு போயிருக்காதா? எந்த வீதியில், எந்தக் குழாயில் அது சொட்டுகிறதோ?

"அந்த அயனி கரண்டை விடுமா சார்?"

"பின்னே? அதான் கரண்டைக் கடத்தறதே. மின்னூட்டத்தோட அங்கயும் இங்கயும் நகருமே."

"அப்ப நம்ம தண்ணியில..."

"நம்ம தண்ணியில உப்பு இல்லைன்னு சொன்னேன்," என்றார் படிகம். குரல் கொஞ்சம் இறுகிவிட்டது. "அயனி இருக்கா இல்லையான்னு நான் சொல்லவே இல்லை. என் பிரிவு உப்புப் பிரிவு. அயனிக்குத் தனிப் பிரிவு இருக்கு. அங்க போய்க் கேளுங்க."

அயனிக்கு ஒன்றல்ல, இரண்டு பிரிவுகள் இருந்தன. நேர் மின்னூட்டத்துக்கு நேரயனிப் பிரிவு, இரண்டாம் மாடியில். எதிர் மின்னூட்டத்துக்கு எதிரயனிப் பிரிவு, அடுத்த கட்டடத்தில். இரண்டுக்கும் நடுவில் ஒரு முற்றம், அதில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும்.

நேரயனிப் பிரிவில் இருந்தவர் சிரித்த முகத்துக்காரர். "சோடியமா? தாராளமா இருக்கும்மா. கால்சியம், மெக்னீசியம்கூட இருக்கு. எவ்வளவு வேணும்னாலும் இருக்குன்னு சொல்றேன்."

"குளோரைடு?"

சிரிப்பு அணைந்தது. "இந்த மாடியில அந்தப் பேச்சு கூடாது."

எதிரயனிப் பிரிவில் இருந்தவர் அவள் கும்பிட்டதையே மறுத்தார். "எதுக்குக் கும்பிடறீங்க? வேண்டாம்." பிறகு, "குளோரைடு இருக்கு. இல்லைன்னு யார் சொன்னா? ஆனா அதுக்கு ஜோடி இருக்குன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். நான் பாத்ததில்லை."

"ரெண்டு பேரும் சேந்து ஒரு இடத்துல சொன்னீங்கன்னா..."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "சேந்தா? சேந்தா அது உப்பு ஆயிடும்மா. உப்புன்னா அது படிகம் சார் பிரிவு. அவர்கிட்டக் கேளுங்க, நம்ம தண்ணியில உப்பு கிடையாது."

தையல்காரி முற்றத்தில் வந்து நின்றாள். தேங்கிய தண்ணீரில் அவள் நிழல் விழுந்தது. பக்கத்தில் இன்னொரு நிழலும் விழுந்ததுபோல இருந்தது. திரும்பினால் யாரும் இல்லை. இரண்டு கட்டடங்களின் ஜன்னல்களும் எதிரெதிரே பார்த்துக்கொண்டு திறந்திருந்தன.

அந்த வாரமே தம்பிக்கு மாற்றல் வந்தது. வால்விலிருந்து பம்பு அறைக்கு.

"மாமா வர்ற வரைக்கும் நான் அந்த மோட்டாரைப் பாத்துக்கணுமாம்," என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "கம்பி அப்படியேதான் தொங்குதுக்கா. பூட்ஸ் கேட்டேன். பலகையைப் படிச்சுப் பாக்கச் சொன்னாங்க."

"போகாத."

"போகலைன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும்டா."

"நான் போகலைன்னா வேற யாரையாவது அனுப்புவாங்க. அவனுக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கும் இல்ல?"

தன் வீட்டுக்காரர் செத்தார் என்று நிரூபிப்பது அதுவரை அவளுக்கு அவர் பொருட்டாக இருந்தது. இப்போது அது தம்பி பொருட்டாகவும் ஆகிவிட்டது. மறுநாள் வாரியத் தலைவரின் அறைக்கு வெளியே போய் உட்கார்ந்தாள். உள்ளே விடும்வரை எழுந்திருப்பதில்லை என்று வந்திருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவளைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தலைவருக்குத் தன் வாசலில் கூட்டம் சேர்வது பிடிக்காது. ஆகவே அவர் மொத்த அலுவலகத்தையும் ஒரு மண்டபத்தில் கூட்டி, தண்ணீரின் தூய்மையை எல்லோர் கண்முன்னும் நிரூபித்துக் காட்டுவது என்று ஏற்பாடு செய்தார்.

அன்றைக்கு மண்டபத்தில் நல்ல புழுக்கம். எல்லோருக்கும் தேநீரும் உப்புப் போட்டு வறுத்த கடலையும் கொடுத்தார்கள். தலைவருக்கு மட்டும் ஒரு கிண்ணம் நிறைய. அவர் பேசிக்கொண்டே கொறித்தார், கொறித்துக்கொண்டே பேசினார்.

"நண்பர்களே! கரைவது என்பது ஒரு பண்பாடு. ஆனால் எப்படிக் கரைய வேண்டும்? உப்பைப் பாருங்கள். கரைந்ததும் இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கொரு திசையில் ஓடி, கண்டதையும் கடத்துகிறது. இது ஒழுங்கீனம். சர்க்கரையைப் பாருங்கள். கரைகிறது. ஆனால் பிரிவதில்லை. அயனி ஆவதில்லை. தன்னிடம் மின்சாரம் வந்து நின்றாலும் அதை அடுத்தவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. நம் ஊழியர்கள் ஒவ்வொருவரும் சர்க்கரையாக இருக்க வேண்டும். ஒரு புகார் உங்களிடம் வந்தால் அது உங்களிடமே நிற்க வேண்டும். மேலே கடத்தக் கூடாது!"

நேரயனிப் பிரிவு கைதட்டியது. எதிரயனிப் பிரிவு சற்று யோசித்துவிட்டுத் தட்டியது.

மேடையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் ஆய்வகத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர். இரண்டு கரித்தண்டுகள், ஒரு பேட்டரி, ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. படிகம் தண்டுகளைத் தண்ணீரில் இறக்கினார். விளக்கு எரியவில்லை. கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

தையல்காரி எழுந்தாள். அவள் கையில் வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீர் பாட்டிலில் இருந்தது. "சார், அது காய்ச்சி வடிச்ச தண்ணி. பம்பு அறையில நின்னது இந்தத் தண்ணி. இதை ஊத்திப் பாருங்க."

"வெளித்தண்ணிக்கு இங்க அனுமதி இல்லைம்மா," என்றார் படிகம்.

"இது உங்க தண்ணிதான் சார். உங்க குழாயில வந்தது."

"குழாயை விட்டு வெளிய வந்துட்டா அது வெளித்தண்ணி."

முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினார். இந்த மாதிரி நேரங்களில் எப்படிப் பெருந்தன்மையாக இருப்பது என்று அவருக்குத் தெரியும். "இந்தச் சகோதரிக்கு இன்னும் பயம் போகவில்லை. என் கையையே விடுகிறேன், பார்த்துக்கொள்ளட்டும்!" என்று சொல்லி, கடலைக் கிண்ணத்திலிருந்த கையை அப்படியே எடுத்துத் தண்ணீருக்குள் மணிக்கட்டுவரை விட்டு ஒரு கலக்குக் கலக்கினார்.

விளக்கு எரிந்தது.

பளிச்சென்று அல்ல. யாரோ கண்விழிப்பதுபோல மெல்ல, மங்கலாக. தலைவர் திடுக்கிட்டுக் கையை வெளியே இழுத்தார். கை வந்துவிட்டது. விளக்கு அணையவில்லை.

தண்ணீருக்குள் யாரும் இல்லை. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தெளிந்த தண்ணீர், நடுவில் இரண்டு கறுப்புத் தண்டுகள், மேலே அந்தச் சிவப்புக் கண். தையல்காரி பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

எல்லோரும் கடலைக் கிண்ணத்தைப் பார்த்தார்கள். பிறகு தலைவரின் விரல்களைப் பார்த்தார்கள், அவற்றில் இன்னும் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரும் எதையும் பார்க்கவில்லை. தலைவரின் கையில் அழுக்கு என்று சொல்ல அந்த மண்டபத்தில் ஆள் இல்லை. தண்ணீரில் குற்றம் என்று சொல்லவோ வாரியத்திலேயே ஆள் இல்லை.

கடைசி வரிசையில் இருந்த யாரோ ஒருவர் நடுங்கும் குரலில் சொன்னார்: "அவர்தான். மோட்டார்காரர் வந்துட்டார்."

தலைவர் அந்தக் குரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அதேதான்! வேறு காரணமே இல்லை!"

வாரியம் அன்று மாலையே கூடி ஒரு தீர்மானம் போட்டது. மண்டபத்தில் விளக்கு எரிந்தது மறைந்த மோட்டார்காரரின் வருகையால் மட்டுமே. அதில் தண்ணீருக்கு யாதொரு பங்கும் இல்லை.

தீர்மானத்தைக் கேட்டதும் தையல்காரி தலைவரின் அறைக்குள் அனுமதி கேட்காமலே நுழைந்தாள்.

"'மறைந்த'ன்னு சொல்லிட்டீங்க சார்."

"ஆமாம்மா."

"அப்ப அவர் செத்தார்னு ஒத்துக்கறீங்க."

"மனப்பூர்வமா ஒத்துக்கறோம். தண்ணியாலதான் செத்தார்னு மட்டும் ஒத்துக்கலை."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் அலைந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். கிடைத்ததும் அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. "சரி சார். அப்ப அவரை விட்டுடுங்க. காலையில பேர் கூப்பிடறதை நிறுத்துங்க."

தலைவர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அதெப்படி விட முடியும்? அவர் பணிக்கு வந்துட்டாரே. அலுவலகமே பாத்துச்சு. இனிமே அவருக்கு வருகை போட்டாகணும். ஓய்வு வயசு வர்ற வரைக்கும் அவர் பம்பு அறையிலதான் இருப்பார்."

"சார், அவர் ஒரு..." அந்தச் சொல்லை அவளால் சொல்ல முடியவில்லை.

"ஊழியர்," என்று முடித்து வைத்தார் தலைவர். "உங்க தம்பியை அவருக்கு உதவியாளரா போட்டிருக்கோம். குடும்பத்தோட இருக்கற மாதிரி இருக்கட்டுமேன்னுதான்."

வெளியே வந்தபோது தம்பி மரத்தடியில் நின்றிருந்தான். அவள் விஷயத்தைச் சொன்னாள். ஓர் ஆள் இறந்து, இறக்காதவராகி, இப்போது மேலதிகாரியாகவும் ஆகிவிட்டார்.

"அக்கா," என்றான், "அப்ப மோட்டாரை ஓட்டறதும் நிறுத்தறதும் மாமா பொறுப்புத்தானே?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் விளையாடவில்லை.

அவன் வேலையில் சேர்ந்த அன்று காலையில் அவளும் கூடவே போனாள். தம்பி வெளிச்சுவர் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ்களையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மோட்டார் இரைந்து இரைந்து ஓய்ந்தது. அதற்குப் பிறகு வந்த நிசப்தத்தில் இருவரும் கதவருகே நின்றார்கள். வாரியத்திலிருந்து போன் வந்த நாளிலிருந்து தன் காதுக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த சத்தமும் நின்றுவிட்டதை அவள் கவனித்தாள். அது அவளுக்கு நிம்மதியாக இல்லை. வீட்டுக்காரர் இன்னொரு முறை போய்விட்டதுபோல இருந்தது.

இருவருமாகத் தண்ணீரை வாளியால் மொண்டு வெளியே ஊற்றினார்கள். மொள்ள முடியாத கடைசி மெல்லிய படலம் மட்டும் தரையில் மினுங்கிக்கொண்டு நின்றது. கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு, மேல்படியில் காவலுக்கு உட்கார்ந்தார்கள். வெயில் கொளுத்தும் காலம். உள்ளே அனல்காற்று புகுந்து புகுந்து வெளியேறியது.

ஊரில் குழாய்கள் வறண்டன. முதலில் இருமின, பிறகு ஊதின, பிறகு ஒன்றும் இல்லை. வாரியத்தில் போன்கள் அலறின. மோட்டார் ஏன் நின்றது என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கேட்டார்கள். தம்பி எல்லோருக்கும் ஒரே பதிலைப் பணிவாகச் சொன்னான்.

"மாமா நிறுத்திட்டார் சார்."

"ஏன் நிறுத்தினார்?"

"கம்பியை மாத்தணுமாம். தரையை உசத்தணுமாம். இறங்கறவங்களுக்கு பூட்ஸ் வேணுமாம். உயிரோட இருந்தப்பவே கேட்டதுதானாம்."

"நீ போட வேண்டியதுதானே மோட்டாரை?"

"நான் உதவியாளர்தானே சார்? மேலதிகாரி நிறுத்தினதை நான் எப்படிப் போடறது? வேணும்னா நீங்க உள்ள போய் அவர்கிட்டப் பேசுங்க."

வந்தவர்கள் கதவைப் பார்த்தார்கள். உள்ளே இருட்டாக இருந்தது. ஒருவரும் இறங்கவில்லை. அவர் அங்கே இல்லை என்று சொல்ல வேண்டுமானால் தீர்மானத்தைத் தள்ள வேண்டும். தீர்மானத்தைத் தள்ளினால் விளக்கு ஏன் எரிந்தது என்று சொல்ல வேண்டும். விளக்கைப் பற்றிப் பேசினால் கடலையைப் பற்றிப் பேச வேண்டும். எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

கடைசியாகப் படிகத்தை அனுப்பினார்கள். அதற்குள் தரை முழுசாகக் காய்ந்திருந்தது. படிகம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

அறை முழுக்க வெள்ளையாக இருந்தது. தரையில், செங்கற்களின் ஓரத்தில், மோட்டாரின் கால்களில், சுவரில் தண்ணீர் நின்ற உயரம்வரை மெல்லிய வெள்ளைப் பொருக்கு படர்ந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் பட்ட இடத்தில் சின்னச் சின்னதாகப் பளபளத்தது. தன் வீட்டுக்காரர் விழுந்து கிடந்த இடம் எது என்று தையல்காரி தரை காயக் காயத் தேடிப் பார்த்துவிட்டாள். தனியாக ஒன்றும் தெரியவில்லை. எல்லா இடமும் ஒரே வெள்ளையாகத்தான் இருந்தது.

"இது என்னன்னு சொல்லுங்க சார்," என்றாள்.

"உப்பு," என்றார் படிகம் சட்டென்று. படித்த படிப்பு முந்திக்கொண்டுவிட்டது. "தண்ணி ஆவியாப் போச்சுன்னா பிரிஞ்சு போன அயனிங்க மறுபடி ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும். படிகமாயிடும்."

"அப்ப தண்ணியில இருந்துச்சு."

படிகம் சமாளித்துக்கொண்டார். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. தண்ணி இருந்தப்போ உப்பு இல்லை. உப்பு இருக்கிறப்போ தண்ணி இல்லை. ரெண்டையும் ஒண்ணாப் பாத்தவங்க யாரும் கிடையாது."

"ஒருத்தர் பாத்தார் சார்."

படிகத்தின் முகத்தில் வியர்வை வழிந்தது. தையல்காரி படியில் ஒதுங்கி வழிவிட்டாள். "உள்ள இறங்கி நல்லாப் பாருங்க. தரை காஞ்சுதான் இருக்கு."

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு தன் கால்களைப் பார்த்தார். போட்டுவந்திருந்த பூட்ஸைக் கழற்றவில்லை. ஒரு காலை மட்டும் முதல் படியில் வைத்தவர், குரலைத் தாழ்த்தித் தம்பியிடம் கேட்டார்:

"மெயின் ஆஃப்லதானேப்பா இருக்கு?"

"மாமாவைத்தான் கேக்கணும் சார்."

வைத்த கால் மேலே போய்விட்டது.

வேலை அன்றைக்கே ஆரம்பமாகிவிட்டது. இத்தனை வருஷம் யோசித்த வாரியத்துக்கு அந்த ஒரு மதியத்தில் யோசனை முடிந்தது. எலக்ட்ரீஷியன்கள் புதுக் கம்பியோடு வந்தார்கள். தரையை உயர்த்தச் சிமெண்டு வந்தது. பூட்ஸ் இரண்டு ஜோடி வந்தது. ஒன்று தம்பிக்கு, ஒன்று மேலதிகாரிக்கு. பணிகள் யாவும் மறைந்த ஊழியர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கச் செய்யப்படுவதாகவும், தண்ணீரின் தூய்மையில் மாற்றமில்லை என்றும் தலைவர் அறிவித்தார். உயிரோடிருந்தவர் கேட்டுக் கிடைக்காதது இப்படித்தான் கிடைத்தது.

சிமெண்டு போடுவதற்கு முன் தரையைக் கழுவ வேண்டியிருந்தது. லாரித் தண்ணீரைக் குழாய் வழியாக உள்ளே விட்டார்கள். தண்ணீர் ஒரு மூலையிலிருந்து மெதுவாகப் பரவியது. அது போன இடமெல்லாம் வெள்ளை மறைந்தது. ஓரத்தில் தொட்டது, ஊறியது, கரைந்தது. கொஞ்ச நேரத்தில் கறுப்புத் தரையும் தெளிந்த தண்ணீரும்தான் மிச்சம்.

"பாத்தீங்களா, சுத்தமாயிடுச்சு," என்றார் படிகம் மேலிருந்து.

தையல்காரி செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்கினாள். "அக்கா!" என்று பதறிய தம்பி, பையிலிருந்த ஃபியூஸ்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அவள் தண்ணீரில் கால் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. சுருக்கென்று எதுவும் கடிக்கவில்லை. குளிர்ந்த, சாதாரணமான தண்ணீர் கணுக்காலைச் சுற்றி வந்து நின்றது. தலைவரின் அறையில் வராத அழுகை இப்போது வந்தது. சத்தமில்லாமல், முகம் கழுவுவதுபோல அழுதாள்.

சுவரின் அடியில் மட்டும் இன்னும் கொஞ்சம் வெள்ளை ஒட்டியிருந்தது.

"போதும்க்கா, வா. சிமெண்டு போடணுமாம்."

"இருடா," என்றாள் அவள். "அதுவும் கரையட்டும்."